சைக்கிள் செயினுக்கு மெழுகு: பக்குவம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் வீடு, வேலை புதுச்சேரியில். போக வர சைக்கிள்தான். எண்ணெய் விட்டால் மணல் அப்பிக்கொண்டு செயின் முழுக்கக் கறுப்புச் சேறு. விடாவிட்டால் உப்புக்காற்றில் சீக்கிரமே துரு. அதனால் வீட்டிலேயே மெழுகு காய்ச்சிப் போடுகிறேன்.

செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, சோப்புத் தண்ணீரில் பிசுக்குப் போகக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் காயவைப்பேன். கொதிக்கும் தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துத்தான் பாரஃபின் மெழுகை உருக்குவேன். நேராக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். செயினை உள்ளே போட்டதும் கண்ணிகளிலிருந்து குமிழி குமிழியாக வரும். அது அடங்கும்வரை விட்டால்தான் மெழுகு உள்ளே இறங்கும்.

சிக்கல் இனிமேல்தான். வெறும் பாரஃபின் செதில் செதிலாக உதிர்கிறது. தேன்மெழுகு கலந்தால் நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் பிசுபிசுப்பில் மறுபடியும் மணல். லிக்விட் பாரஃபின் கொஞ்சம் விட்டால் இளகும், சரி, மே மாத வெயிலுக்கு அது தாங்குமா?

என்ன விகிதத்தில் கலக்கிறீர்கள்? ஐப்பசி மழையில் நனைந்த பிறகு திரும்பவும் முக்கி எடுப்பீர்களா, துடைத்தால் போதுமா? அப்புறம், வாசனையோ சாயமோ சேர்க்காத மெழுகுக் கட்டி புதுச்சேரியில் சில்லறையாக எங்கே கிடைக்கும்?

நல்லெண்ணெய் விடச் சொல்பவர்கள் மன்னிக்கவும். அது நாளடைவில் பிசினாகிவிடும்.