பிள்ளைப் பாதுகாப்பு முடிவை ஒம்புட்ஸ்மன் மாற்றித் தருவாரா? (இங்கிலாந்து)

வாணி:
மகனின் கையில் இருந்த காயத்தைப் பார்த்துப் பள்ளிக்கூடம் கவுன்சிலுக்கு அறிவித்தது. செக்‌ஷன் 47 விசாரணை (பிள்ளைக்கு ஆபத்து இருக்கிறதா என்று கவுன்சில் பார்ப்பது), பிறகு எல்லாத் தரப்பும் கூடும் கொன்ஃபரன்ஸ், கடைசியில் மகனின் பெயரில் பிள்ளைப் பாதுகாப்புத் திட்டம். அவன் சைக்கிளில் விழுந்தவன், ஜிபியின் (குடும்ப டொக்டர்) கடிதமும் இருக்கிறது. கொன்ஃபரன்ஸுக்கான அறிக்கை அதற்கு முதல்நாள் பின்னேரம்தான் கைக்கு வந்தது. மொழிபெயர்ப்பாளர் இல்லை, 14 வயது மகள்தான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். சரி, அதை விடுங்கோ. முடிவு பிழை என்று, கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனுக்கு எழுதினால் திட்டத்தை எடுத்துவிடுவார்களா?

சிவநேசன்:
அதை ஏன் விட வேண்டும் தங்கச்சி? உங்கள் முறைப்பாடே அதுதான்.

திட்டத்திலிருந்து பெயரை எடுக்கும் அதிகாரம் ஒம்புட்ஸ்மனுக்கு இல்லை. 1974ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டப்படி, முறையாக எடுத்த முடிவு என்றால் நமக்குப் பிடிக்காவிட்டாலும் அவர் அதில் கைவைக்க முடியாது. கொன்ஃபரன்ஸில் பொலிஸ், பள்ளிக்கூடம் எல்லாரும் இருந்திருப்பார்கள். அவர் பார்ப்பது கவுன்சிலின் பங்கை மட்டும்.

ஆனால் எப்படி நடத்தினார்கள் என்று கேட்பார். அறிக்கை பிந்தியது, மொழிபெயர்ப்பாளர் இல்லாதது, ஜிபி கடிதத்தைக் கணக்கில் எடுக்காதது, இவற்றைத் திகதியோடு எழுதுங்கள். ‘சோசியல் வேர்க்கருக்கு எங்களில் வெறுப்பு’ என்று தொடங்கினால் ஒருவரும் மேலே வாசிக்க மாட்டார்கள். முதலில் கவுன்சிலுக்கே போடுங்கள். அவர்களின் கடைசிப் பதிலுக்குப் பிறகுதான் ஒம்புட்ஸ்மன். பிரச்சினை தெரியவந்து 12 மாதம் தாண்டினால் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள்.

கலா:
கோர்ட்டில் வழக்கு ஏதும் இருக்கிறதா அக்கா? சோசியல் வேர்க்கர் கோர்ட்டுக்குக் கொடுத்த அறிக்கையில் பொய் என்று என் தம்பி ஒம்புட்ஸ்மனுக்கு எழுதினான். கோர்ட்டில் நடப்பதை விசாரிக்க அதிகாரமில்லை என்று திருப்பிவிட்டார்கள். நீதிபதியிடமே சொல்லியிருக்க வேண்டுமாம்.

வாணி:
கோர்ட் இல்லை. ஆனால் ‘பிள்ளைக்குக் கட்டில் இல்லை, தரையில் படுக்கிறான்’ என்று எழுதியிருக்கிறார்கள். மேலே கட்டில் இருக்கு; அவனுக்கு அம்மம்மாவோடு பாயில் படுக்கத்தான் விருப்பம். அழிக்கச் சொல்லலாமோ?

சிவநேசன்:
கட்டிலைப் படம் எடுத்து, பதிவைத் திருத்தச் சொல்லிக் கவுன்சிலுக்கு அனுப்புங்கள். மறுத்தால், தனிப்பட்ட தகவல் பாதுகாப்பைப் பார்க்கும் தகவல் ஆணையாளரிடம் போகலாம். சோசியல் வேர்க்கரின் அபிப்பிராயத்தை அழிக்க மாட்டார்கள். உங்கள் பக்கத்தையும் கோப்பில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மற்றது, முறைப்பாடு போட்டதால் திட்டம் நிற்காது. கோவத்தில் கோர் குரூப் கூட்டங்களுக்கு (திட்டத்தை நடத்துகிறவர்கள் பெற்றோரோடு கூடுவது) போகாமல் இருந்துவிடாதீர்கள். திட்டத்தை மீளப் பார்க்கும் முதல் ரிவியூ கொன்ஃபரன்ஸ் மூன்று மாதத்துக்குள் வரும், பெயரை எடுப்பதென்றால் அங்கேதான். அதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று இப்பவே ஈமெயில் போடுங்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.