புதுப்பிப்பு: வரைபலகையா, காணி விற்பனையா?

மூன்று மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன்: கட்டடக்கலைஞனாகவே தொடர்வதா, வருமானத்துக்காகக் காணி விற்பனை நிறுவனமொன்றில் சேர்வதா என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

சேர்ந்துவிட்டேன், வாரத்தில் நான்கு நாட்கள் மட்டும். காணி உறுதிப் பத்திரங்களைச் சரிபார்ப்பதும் பங்குக்காரரைத் தேடிப் பேசுவதுமே பெரும்பாலான வேலை. யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைப்படி, பலருக்குப் பொதுவான பங்குக் காணியை வெளியாருக்கு விற்குமுன் மற்றப் பங்குக்காரருக்கு வாங்கும் முன்னுரிமை உண்டு. அவர்களில் பலர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். சலிப்புத்தான். ஆனால் அம்மாவின் மருந்துச் செலவு தடையில்லாமல் நடக்கிறது.

வழக்கறிஞராக இருந்த ஜெஃப்ரி பாவா கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றது 1957இல், 38 வயதில் என்று ஒருவர் எழுதியிருந்தீர்கள். அந்த வரி பல இரவுகளில் எனக்குத் துணையிருந்தது.

மீதி நாட்களில் கோப்பாயில், நடுவில் திறந்த முற்றம் உள்ள ஒரு நாற்சார் வீடு வரைகிறேன். 2 பரப்பு வளவு, அதாவது 20 பேர்ச்தான். முற்றத்தை மூடி அறையாக்கச் சொன்னார் வீட்டுக்காரரின் மகன். நான் விட்டுக்கொடுக்கவில்லை, பத்தடிக்குச் சுருக்கினேன், மழை உள்ளே விழும். பெரியவர் வரைபடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, மழைத்தண்ணீர் கிணற்றடிக்குப் போகுமா?" என்று கேட்டார். இன்றிரவு அந்த வாய்க்காலைத் திரும்ப வரைகிறேன்.