வீட்டுக் காவலுக்கு ரிவால்வர்: .38 ஸ்பெஷலா, .357 மேக்னமா?

நிலவன்:
உரிமம் கைக்கு வந்துவிட்டது, அடிப்படைப் பயிற்சியும் முடிந்தது. ரிவால்வர்தான் என்று முடிவு செய்திருக்கிறேன், பிஸ்டல் பக்கம் போகப் போவதில்லை. வீட்டில் வைத்துக்கொள்ளத்தான், இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போகும் எண்ணமில்லை. தேவைப்பட்டால் என் மனைவியும் எடுக்க வேண்டியிருக்கும். அவருக்கு மணிக்கட்டில் பழைய வலி உண்டு. விற்பவர் இரண்டு அங்குல பேரலுடன், அரைக் கிலோகூட வராத ஐந்து தோட்டா .357 ஒன்றைக் காட்டி, "இதில் .38-உம் சுடலாம், எதற்கும் வசதி" என்கிறார். பயிற்சியாளரோ .38 போதும் என்கிறார். அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

இரும்புப்பிடி:
.357 வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம்.

இரண்டிலும் குண்டின் விட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். மேக்னத்தின் கூடு (மருந்தை அடைத்துக் குண்டைப் பிடித்திருக்கும் உலோகக் குழல்) மட்டும் எட்டில் ஒரு அங்குலம் அளவுக்கு நீளம். அதனால் .357 ரிவால்வரில் .38 தோட்டா தாராளமாக உட்காரும்; .38 ரிவால்வரில் .357 தோட்டா முழுதாக இறங்காது, இறங்கவும் கூடாது. வேண்டுமென்றேதான் அப்படி வடிவமைத்தார்கள். .38-இன் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, மேக்னத்துக்கு 35,000.

அமெரிக்கப் போலீசுக்கு அந்தக் காலத்தில் கார் தகட்டைத் துளைக்கிற தோட்டா தேவைப்பட்டது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் வின்செஸ்டரும் சேர்ந்து 1935-இல் இதைக் கொண்டுவந்தன. 125 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் சிறு அலகு) ஹாலோ பாயிண்ட் குண்டு, அதாவது முனையில் குழி உள்ள, பட்டதும் மலர்கிற குண்டு, வினாடிக்கு 1,400 அடிக்கு மேல் போகும். .38-இன் பழைய 158 கிரெயின் ஈயக் குண்டு 750 அடியை ஒட்டித்தான் போகும். குண்டு சுமக்கும் ஆற்றல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அந்த 125 கிரெயின் தோட்டாவைப் போலீஸ்காரர்கள் பல வருடம் நம்பி இடுப்பில் வைத்திருந்ததற்குக் காரணம் இருக்கிறது. உயிரா என்று வரும் நேரத்தில் இருப்பதிலேயே பலமானது கையில் இருக்கட்டும்.

வாட்கட்டர்:
இரும்புப்பிடி சொன்ன 1,400 அடி, நான்கு அங்குல பேரலில் கிடைப்பது. நிலவன் கேட்பது இரண்டு அங்குலம். அங்கே அதே தோட்டா 200 அடிக்கு மேல் வேகத்தை இழக்கும். எரியாத மருந்து பேரலுக்கு வெளியே தீயாகவும் சத்தமாகவும் போகும். ஆக, உதை முழுசாக வரும், வேகம் முழுசாக வராது.

அந்த உதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். துப்பாக்கியின் எடை பாதியானால் பின்னுதைப்பின் ஆற்றல் இரண்டு மடங்காகும், இது வெறும் இயற்பியல். அரைக் கிலோவுக்கும் குறைவான ரிவால்வரில் மேக்னம் சுட்டால், அதே ரிவால்வரில் 148 கிரெயின் வாட்கட்டர் (தட்டை முக .38 தோட்டா) சுடுவதைவிட மூன்று மடங்குக்கு மேல் உதைக்கும். மணிக்கட்டு வலி உள்ளவர் முதல் தோட்டாவைச் சுடுவார். இரண்டாவதை எங்கே சுடுவார்? அதைப் பற்றி யாருமே பேசுவதில்லை.

கைத்துப்பாக்கிக் குண்டு ஆளைத் தூக்கி எறியாது. தூக்கி எறிந்தால் சுடுபவரையும் எறிய வேண்டும். ஆளை நிறுத்துவது குண்டு எங்கே பட்டது, எவ்வளவு ஆழம் போனது என்கிற இரண்டும்தான். 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இரண்டு பேர் இறந்தார்கள், ஐந்து பேர் காயப்பட்டார்கள். ஆரம்பத்திலேயே எதிரியின் கை வழியாக மார்புக்குள் போன ஒரு 9 மி.மீ. குண்டு இதயத்தைத் தொடாமல் நின்றுவிட்டது. அவன் அதன் பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தான். அதற்கப்புறம்தான் எஃப்.பி.ஐ., உடல் தசைக்குப் பதிலாகச் சோதனையில் சுடும் ஜெலட்டினில் குறைந்தது 12 அங்குலம், அதிகபட்சம் 18 அங்குலம் என்ற அளவை வைத்தது. சாதாரண வாட்கட்டர் அந்தக் குறைந்தபட்ச ஆழத்தைத் தொடும். அது மலர வேண்டியதே இல்லை, தட்டையான முகம் நேராக வெட்டிக்கொண்டு போகும். குட்டை பேரல் .38-இல் பல ஹாலோ பாயிண்ட்கள் துணி அடைத்துக்கொண்டு மலராமலே போவது சோதனைகளில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம்.

இரும்புப்பிடி:
மயாமியைச் சொன்னீர்கள், சரி. அங்கே அதிகாரிகளில் சிலர் கையில் .357 ரிவால்வர் இருந்தும் உள்ளே .38 பிளஸ் பி (அழுத்தம் சற்றுக் கூடிய .38) தோட்டாதான் போட்டிருந்தார்கள். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வாட்கட்டரின் இன்னொரு பக்கமும் இருக்கிறது. குண்டு கூட்டின் வாயோடு சமமாகத் தட்டையாக இருக்கும். ஸ்பீட்லோடரில் (எல்லாத் தோட்டாவையும் ஒரே தடவையில் நிரப்பும் கருவி) வைத்து அவசரமாகத் திணிக்கும்போது சிலிண்டரில் தோட்டா உட்காரும் அறையின் விளிம்பில் தட்டி நிற்கும். கூர்முனைத் தோட்டா தானாக வழி கண்டு உள்ளே இறங்கும், இது இறங்காது.

உதைதான் பிரச்சினை என்றால் துப்பாக்கியை மாற்றுங்கள், தோட்டாவை ஏன் மாற்ற வேண்டும்? நிலவன் வெளியே எடுத்துப் போகப் போவதில்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். மறைத்து வைக்கத் தேவையில்லாதபோது அரைக் கிலோ ரிவால்வர் எதற்கு? நான்கு அங்குல பேரல், எஃகு உடல், ஒரு கிலோவை ஒட்டிய எடை, ஆறு தோட்டா. அதில் மேக்னம் யாரும் பழகக்கூடியதுதான்.

செவிக்காவல்:
இருவரும் விட்டுவிட்ட ஒன்று. திடீர்ச் சத்தத்தில் 140 டெசிபெலைத் தாண்டினாலே காதுக்கு நிரந்தரச் சேதம் வரலாம். எந்தக் கைத்துப்பாக்கியும் அதைத் தாண்டும், .357 சுலபமாக 160-ஐத் தாண்டும். மூடிய அறைக்குள், காதுக்கவசம் இல்லாமல், இருட்டில். முதல் தோட்டாவுக்குப் பின் மனைவி கத்துவது உங்களுக்குக் கேட்காது, போலீஸ் வந்து கூப்பிட்டாலும் கேட்காது. எதிரே வந்த தீப்பிழம்பில் கண்ணும் சில நொடி இருண்டுவிடும். .38-உம் காதைக் கெடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வீட்டுக்குள் சுட்டால் அதிகம் தெரியும்.

சுவர் விஷயமும் அப்படித்தான். மெல்லிய தடுப்புச் சுவரை இரண்டு தோட்டாவும் துளைக்கும். பக்கத்து அறையில் யார் தூங்குகிறார்கள், எந்தத் திசையில் சுடவே கூடாது என்பதை இன்றைக்கே வீட்டைச் சுற்றி நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஆறாம்தோட்டா:
ஏன் எல்லோரும் .38, .357 என்று இரண்டிலேயே நிற்கிறீர்கள்? .32 எச் அண்ட் ஆர் மேக்னம் என்ற தோட்டா 1984-இலிருந்து இருக்கிறது. .38-க்கு ஐந்து அறை மட்டும் கொள்கிற அதே சின்ன சிலிண்டரில் இதற்கு ஆறு அறை கிடைக்கும், உதையும் குறைவு. .327 ஃபெடரல் மேக்னம் ரிவால்வர் வாங்கினால் .32 எச் அண்ட் ஆர், .32 லாங் எல்லாம் அதிலேயே போகும். வலி உள்ள கைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அதுவும் முடியாதென்றால் .22 இருக்கிறது, சின்ன ரிவால்வரிலேயே எட்டு தோட்டா.

வாட்கட்டர்:
.32 எச் அண்ட் ஆர் பற்றி எனக்கு மறுப்பே இல்லை, தோட்டா தொடர்ந்து கிடைக்கும் என்றால். பெட்டி பெட்டியாகச் சுட்டுப் பழகாத காலிபர் (தோட்டா வகை) வீட்டைக் காக்காது. .38 ஸ்பெஷல் 1898-இலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, பயிற்சித் தோட்டாவுக்கு அலைய வேண்டியதில்லை. .327 ஃபெடரலின் அழுத்த வரம்பு 45,000 பவுண்டு, .357-ஐவிட அதிகம். செவிக்காவல் சொன்ன சத்தம் இங்கேயும் அப்படியே உண்டு.

.22-ஐ மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதன் தீமருந்து கூட்டின் அடி விளிம்புக்குள் சுழற்றிப் பரப்பப்படுகிறது. எங்காவது ஓர் ஓரத்தில் பரவாமல் விட்டிருந்து சுத்தியும் அங்கேயே அடித்தால் தோட்டா வெடிக்காது. ரிவால்வரில் மறுபடி டிரிகரை இழுத்தால் அடுத்த தோட்டா வரும், உண்மை. ஆனால் அந்த விளிம்பை நசுக்க வலுவான அடி வேண்டும் என்பதால் .22 ரிவால்வர்களின் டிரிகர் பெரும்பாலும் இன்னும் இறுக்கம். வலி உள்ள கைக்கு உதையைக் குறைத்துவிட்டு இழுப்பைக் கூட்டுவதில் என்ன லாபம்?

நிலவன்:
டிரிகர் பேச்சு வந்தது நல்லது. என் மனைவியின் உண்மையான சிரமம் அதுதான். பயிற்சியில் சின்ன ரிவால்வரின் டபுள் ஆக்ஷன் இழுப்பை (சுத்தியைத் தூக்குவதும் விடுவதும் ஒரே டிரிகர் இழுப்பில்) ஒரே விரலால் முடிக்க அவரால் முடியவில்லை, குறி விலகுகிறது. எஃகு உடல், நான்கு அங்குலம் என்று இரும்புப்பிடி சொன்னதைக் கையில் எடுத்துப் பார்த்தோம். எடை அவருக்குப் பரவாயில்லை, இழுப்பும் மென்மையாக இருந்தது. அப்படியானால் அந்த அளவில் .357 வாங்கி உள்ளே .38 போடலாமா, அல்லது .38 ரிவால்வரே வாங்கலாமா?

இரும்புப்பிடி:
.357 வாங்கி .38 போடுங்கள். பின்னாளில் மனம் மாறினால் வழி திறந்திருக்கும். எடை குறைந்த ரிவால்வரில் மேக்னம் வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஒவ்வொரு உதைக்கும் மீதித் தோட்டாக்களின் குண்டு கூட்டிலிருந்து கொஞ்சம் முன்னே நகரும், சிலிண்டரைத் தாண்டி நீட்டிக்கொண்டால் சுழற்சியே நின்றுவிடும். எஃகு எடையில் அந்தப் பயம் ரொம்பக் குறைவு.

ஒரு பராமரிப்பு: .38 நிறையச் சுட்டால் அறைக்குள் கூட்டின் வாய் முடியும் இடத்தில் கரி வளையம் படியும். தேய்த்து எடுக்காவிட்டால் பிறகு நீளமான மேக்னம் தோட்டா உள்ளே போக முரண்டு பிடிக்கும்.

வாட்கட்டர்:
வழி திறந்திருப்பதுதான் எனக்குக் கவலை. வீட்டில் இரண்டு வகைப் பெட்டி சேரும். நள்ளிரவில் பதற்றத்தில் கை எந்தப் பெட்டியை எடுக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அவர் பழகாத உதை அன்றைக்குத்தான் முதல்முறை வரும். .38 ரிவால்வர் என்றால் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. .357-தான் வாங்குவீர்கள் என்றால் மேக்னம் தோட்டா ஒன்றுகூட வீட்டுக்குள் வரவேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

இரும்புப்பிடி:
அதைப் பூட்டும் ஒழுங்கும் பார்த்துக்கொள்ளும். ஒரு பெட்டிக்குப் பயந்து திறனையே விட்டுக்கொடுக்கச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

நிலவன்:
.357 எஃகு உடலுக்கே முன்பணம் கொடுத்துவிட்டோம். வீட்டில் .38 மட்டும்தான் இருக்கும், மேக்னம் வராது. மனைவியின் நிபந்தனையும் அதுவே. 148 வாட்கட்டரில் பழகுவதா, 158 கிரெயினில் பழகுவதா?

வாட்கட்டர்:
இரண்டையும் ஒரே இலக்கில் சுட்டுப் பாருங்கள். நிலையான குறிமுனை உள்ள .38 ரிவால்வர்கள் பெரும்பாலும் 158 கிரெயினுக்குத்தான் அமைக்கப்பட்டிருக்கும். எடை குறைந்து வேகமாகப் போகும் குண்டு, உதையில் பேரல் மேலே எழும்புவதற்குள் வெளியேறிவிடுவதால் இலக்கில் தாழ்வாக விழும். கனமான, மெதுவான குண்டு உயரமாக விழும். நீங்கள் எடுத்தது திருகிச் சரிசெய்யும் குறிமுனை என்றால், வீட்டில் எந்தத் தோட்டா இருக்கப்போகிறதோ அதற்கே ஏழு மீட்டரில் திருத்தி வைத்துவிட்டு அப்படியே விடுங்கள். முதலில் சுடுவது உங்கள் மனைவியாக இருக்கட்டும்.