நம்ம வீடு (குடும்பக் குழு)

சரோஜா பெரியம்மா: நாளைக் காலை 10 மணிக்குப் பெரியப்பாவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்குகிறார்கள். இரண்டு ராத்திரியாகத் தூக்கமே இல்லை. கார் யாரிடம் இருக்கிறது?

ரமணி சித்தப்பா: என்னிடம்தான். இதையும் குழுவில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன் அண்ணி. கிட்னி ஆபரேஷனைக்கூட மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்தது.

விமலா அத்தை: ரமணி, ஆரம்பிக்காதே.

நித்யா: பெரியம்மா, சுனிடினிப் சாப்பிடுவது பல் டாக்டருக்குத் தெரியுமா? எலும்புக்குப் போடும் ஊசி?

சரோஜா பெரியம்மா: என்னென்ன மருந்து என்று படிவத்தில் கேட்டிருந்தது. பிரஷர் மாத்திரை மட்டும் எழுதினார்.

பெரியப்பா: கீமோ ஏற்றிக்கொள்கிறவர்கள்தான் எழுத வேண்டும். நான் வீட்டில் ஒரு காப்சூல் விழுங்குகிறேன். அவ்வளவுதான்.

நித்யா: ஐயோ பெரியப்பா. அதுவும் புற்றுநோய் மருந்துதான். கட்டிக்கு ரத்தம் போகாதபடி, புதிதாக ரத்தக்குழாய் வளர்வதைத் தடுப்பதே அதன் வேலை. பல் பிடுங்கிய குழி ஆறுவதற்கும் அந்தக் குழாய்கள்தானே வேண்டும்? புண் ஆறத் தாமதமாகும், ரத்தமும் கூடுதலாகக் கசியலாம். அந்த ஊசி, ஜோலெட்ரானிக் ஆசிட், எலும்பு தேய்ந்து புதுசாவதையே மெதுவாக்கிவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால் குழி மூடாமல் தாடை எலும்பு வெளியே தெரியலாம். 8 வாரம் ஆகியும் அப்படியே இருந்தால் அந்த இடத்து எலும்பு செத்துவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். நிறைய பேருக்கு வராதுதான். ஆனால் வந்தவர்களைக் கேட்டால், பெரும்பாலும் ஒரு பல்லைப் பிடுங்கியதில்தான் தொடங்கியிருக்கும்.

பாலா: கட்டுரையா அக்கா

அருண்: சுருக்கமாகச் சொல், நித்யா. நாளைக்குப் போகலாமா கூடாதா?

நித்யா: புற்றுநோய் டாக்டரும் பல் டாக்டரும் பேசிக்கொள்ளாமல் பிடுங்கக் கூடாது.

விமலா அத்தை: கீழ்ப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்று ஒன்று வந்தது. அனுப்பவா?

அருண்: வேண்டாம் அத்தை

பாலா: வேண்டாம்

ரமணி சித்தப்பா: எனக்கு மட்டும் அனுப்பு.

அருண்: அப்பா இப்போது மாத்திரை இல்லாத இரண்டு வாரத்தில்தானே இருக்கிறார்? 4 வாரம் சாப்பாடு, 2 வாரம் லீவு. அப்படியென்றால் பரவாயில்லையா?

நித்யா: நல்ல கேள்வி அண்ணா. ஆனால் பல்லில் கத்தி வைக்கும் வேலை என்றால், முடிந்தவரை குறைந்தது 3 வாரம் முன்பே நிறுத்தச் சொல்கிறது மருந்துக் குறிப்பு. அதற்காக நாமாக லீவை நீட்டவும் கூடாது, நோயும் இருக்கிறதே. எத்தனை நாள் என்பதை எழுதிக்கொடுத்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஊசிக்கு இந்தக் கணக்கே ஒத்துவராது. அது எலும்பிலேயே வருஷக்கணக்கில் தங்கிவிடும்.

சரோஜா பெரியம்மா: அதற்காக வலியோடு உட்கார்ந்திருக்க முடியுமா?

நித்யா: இல்லை பெரியம்மா, சொத்தையும் சீழும் அப்படியே கிடந்தாலும் தாடைக்கு ஆபத்துதான். பல்லைக் காப்பாற்ற முடிந்தால் ரூட் கேனால் செய்துவிடலாம், எலும்பைத் தொடாத வேலை. முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ காலை வரைகூடக் காத்திருக்காதீர்கள்.

சரோஜா பெரியம்மா: பாதிப் பல் உடைந்தே போச்சே.

விமலா அத்தை: என் ஏணி யாரிடம் இருக்கிறது? பல்ப் மாற்ற வேண்டும்.

ரமணி சித்தப்பா: அது அப்பா வாங்கிய ஏணி.

விமலா அத்தை: எனக்குத்தான் கொடுத்தார்.

அருண்: 🙏🙏

சரோஜா பெரியம்மா: நேற்று பாலா கொடுத்த வலி மாத்திரையில் கொஞ்சம் அடங்கியது.

நித்யா: எந்த மாத்திரை?

பாலா: இபுபுரூஃபன். எனக்கு நன்றாகக் கேட்குமே

நித்யா: உனக்கு இரண்டு கிட்னி இருக்கிறது.

பாலா: 😬

நித்யா: டாக்டரைக் கேட்காமல் அதை இனிமேல் கொடுக்க வேண்டாம். பாரசிட்டமால் போதுமா, எவ்வளவு என்று நர்ஸிடம் கேளுங்கள். பல் டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினாலும் பெயரைக் கேட்டு எனக்கு அனுப்புங்கள். கிளாரித்ரோமைசின் மாதிரிச் சிலது சுனிடினிப்பின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

பெரியப்பா: பல் வலிப்பது எனக்கு. ஓட்டெடுப்பு உங்களுக்கா?

விமலா அத்தை: கோபப்படாதீர்கள் அண்ணா. போன வாரப் போட்டோவில் முடியெல்லாம் ஒரேயடியாக வெளுத்திருந்ததே, டை அடிப்பதை விட்டாச்சா?

பெரியப்பா: அது மாத்திரையால். வயதால் இல்லை. டாக்டரே சொன்னார்.

ரமணி சித்தப்பா: 😂 இதை மட்டும் படிவத்தில் எழுதியிருப்பாரே

அருண்: சரி. அப்பாவின் ஆஸ்பத்திரி நர்ஸ் எண்ணுக்கு இப்போதே போட்டேன். டாக்டரிடம் கேட்டுக் காலையில் கூப்பிடுகிறார்களாம். பல் டாக்டருக்கும் செய்தி அனுப்பிவிட்டேன், இன்னும் பார்க்கவில்லை.

ரமணி சித்தப்பா: அப்போது 10 மணி உண்டா இல்லையா? நான் லீவு சொல்ல வேண்டும்.

சரோஜா பெரியம்மா: நீ வந்துவிடு. போய்க் காட்டிவிட்டாவது வருவோம்.

நித்யா: காட்டலாம், எக்ஸ்ரே எடுக்கலாம். பிடுங்குவது மட்டும் வேண்டாம்.

அருண்: நர்ஸ் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்

நித்யா: கடைசி ஊசி எந்தத் தேதி? அட்டையைப் போட்டோ எடுத்துப் போடுங்கள், இருவருமே கேட்பார்கள்.

சரோஜா பெரியம்மா: அட்டை பீரோவில். சாவி இவரிடம். இப்போதுதான் கண் அசந்தார்.

விமலா அத்தை: எழுப்பாதீர்கள் அண்ணி

நித்யா: எழுப்புங்கள் பெரியம்மா