ரேச்சல் கார்சன் எழுதுன புஸ்தகத்தாலதான் மலேரியா திரும்பி வந்துச்சா?

திருமங்கலத்தான்:
நேத்து ஒருத்தர் அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் கார்சனை தெய்வம் கணக்கா தூக்கி வச்சு எழுதியிருந்தாரு, எனக்கு ஒப்பல. எங்க தாத்தா மலேரியா மருந்தடிக்கிற வேலைல இருந்தவரு, டின்னைத் தோள்ல போட்டு செக்கானூரணி பக்கம் ஊர் ஊரா நடந்து டிடிடிங்கிற கொசு மருந்து அடிச்சவரு. 1953-க்கு முன்னாடி நாட்டுல வருசத்துக்கு 7.5 கோடி பேருக்கு மலேரியா, 1965-ல அது ஒரு லட்சம். அந்த மருந்தைப் போய் விசம்னு கார்சன் 1962-ல 'சைலண்ட் ஸ்பிரிங்'னு ஒரு புஸ்தகம் எழுதி வச்சாங்க, 1972-ல அமெரிக்காக்காரன் தடை போட்டான். குளிர்க்காய்ச்சல்ல புள்ள சாகுறதைப் பாத்தவங்களுக்குத்தான் அது தெரியும்.

அரிட்டாபட்டி வல்லூறு:
அண்ணே, உங்க தாத்தா செஞ்சது பெரிய வேலை. ஆனா பூச்சிமருந்தே கூடாதுங்கிறது என் வாதம் இல்லன்னு அந்தம்மா 'சைலண்ட் ஸ்பிரிங்'லயே எழுதியிருக்காங்க. கண்ணுமண்ணு தெரியாம கொட்டுனா கொசு மருந்துக்குப் பழகிக்கிரும், அப்புறம் காய்ச்சலைத் தடுக்க அடிக்கவே மருந்து இருக்காதுன்னுதான் எச்சரிச்சாங்க. நம்ம நாட்டுல விவசாயத்துக்கே 1989-லதான் தடை, கொசுவுக்கு அதுக்கப்புறமும் அடிச்சாங்க. 1976-ல 64 லட்சம் பேருக்கு மலேரியா திரும்பி வந்துச்சே, அப்ப இங்க டிடிடி இருக்கத்தானே செஞ்சுச்சு?

திருமங்கலத்தான்:
கொசு பழகுனது மட்டும் காரணம் இல்ல தம்பி. செவுத்துல அடிச்சா வெள்ளைத் திட்டா நிக்கும், அதுல உக்கார்ற கொசுதான் சாகணும், எங்க அப்பத்தா மறுநாளே அதுமேல சாணி போட்டு மெழுகிரும், தாத்தா எவ்வளவு சொல்லியும் கேக்காது. அப்புறம் கார்சன் கடல் பத்தி எழுதுனவங்க, மருந்து பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்?

அரிட்டாபட்டி வல்லூறு:
ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல 1932-ல விலங்கியல் எம்.ஏ., 1936-லருந்து அமெரிக்க அரசு மீன்வளத் துறைல உயிரியலாளரா வேலைண்ணே. பூச்சிமருந்துக் கம்பெனிக்காரங்க திட்டித் தீத்தப்ப மார்புப் புற்றுநோயோட கெடந்தாங்க, வெளிய சொல்லல. 1964-ல 56 வயசுல போய்ட்டாங்க. டிடிடி கொழுப்புல தங்கிரும், பூச்சியத் தின்ன குருவி, குருவியத் தின்ன வல்லூறுன்னு மேல போகப்போக கூடும், முட்டை ஓடு மெலிசாகி அடைகாக்க உக்காந்தாலே ஒடஞ்சுரும். எங்க மலைப்பாறைல ஷாஹீன் வல்லூறு புறாவைக் கால்ல அமுக்கிக்கிட்டு எறகைப் பிச்சுப் போடுறதைப் பைனாகுலர்ல பாத்திருக்கேன், அதே இனம் அமெரிக்காவோட கெழக்குப் பக்கம் ஒண்ணுகூட இல்லாம போச்சுண்ணே.

மல்லிக்காடு:
நான் உசிலம்பட்டி பக்கம் மல்லி போட்டிருக்கேன். மொட்டுப்புழு விழுந்தா மொட்டு ஊதாவாகி உதிரும், வேற வழியில்லாம வாயில துண்டைக் கட்டிக்கிட்டு சாயங்காலம் மருந்தடிப்பேன், விடியக்காலம் நாலு மணிக்கு வீட்டுக்காரி அதே செடில வெறுங்கையால பறிக்கும், பூ மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குப் போயிரும். மருந்துக்கடைல எதுக்கும் ரெண்டு மூடி கூடவே ஊத்துன்னுதான் சொல்றாங்க. எனக்கு அந்தக் கையை நெனச்சாத்தான் பயமா இருக்கு.

அரிட்டாபட்டி வல்லூறு:
ஒரு டச்சு அதிகாரி சொன்னதை அந்தப் புஸ்தகத்துல எடுத்துப் போட்டிருக்காங்கண்ணே. முடிஞ்ச மட்டும் அடின்னு சொல்லாதீங்க, முடிஞ்ச மட்டும் கம்மியா அடின்னு சொல்லுங்கன்னு.

திருமங்கலத்தான்:
மல்லிக்காடு தம்பி, அந்த ரெண்டு மூடியை இன்னைக்கே நிறுத்துப்பா. எங்க தாத்தா டின்னுக்கு இவ்வளவுதான்னு அளந்து கலக்குவாரு, ஒரு பிடி கூடப் போட மாட்டாரு. ஆனா டிடிடின்னாலே ஜனம் மூஞ்சி சுழிக்கிறது அந்தப் புஸ்தகத்தாலதான், அதுல நான் மாறல.