முனைவர் பட்டத்துக்குப் பின் ஜெர்மனியில் இரண்டாண்டு ஒப்பந்தம்: குழந்தையையும் கணவரையும் விட்டுப் போகலாமா?

கயல்
மின்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றிருக்கிறேன். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் பேட்டரி ஆய்வுக்காக இரண்டாண்டு போஸ்ட்டாக் பணி (முனைவர் பட்டத்துக்குப் பின் செய்யும் தற்காலிக ஆய்வுப் பணி) கிடைத்துள்ளது. கணவர் திருச்சியில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியொன்றில் அதிகாரி. மகளுக்கு மூன்று வயது. அவளைத் தாம் பார்த்துக்கொள்வதாக மாமியார் சொல்கிறார். இதற்கிடையே திருச்சியிலேயே ஒரு சுயநிதிக் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணி தருகிறது. ஐஐடி, ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) போன்ற ஓரிடத்தில் எனக்கென்று ஓர் ஆய்வகம் அமைய வேண்டும் என்பதே என் விருப்பம். விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொன்னி
சகோதரி, போக வேண்டாம் என்பதே என் கருத்து. இரண்டாண்டு என்று தொடங்குவது பெரும்பாலும் இரண்டாண்டில் முடிவதில்லை. ஜெர்மனியில் 2007-இல் வந்த சட்டம், முனைவர் பட்டத்துக்குப் பின் ஆறு ஆண்டுகள்வரை ஒருவரைத் தற்காலிக ஒப்பந்தங்களிலேயே வைத்திருக்க இடம் தருகிறது. இதை எதிர்த்து அந்நாட்டு ஆய்வாளர்களே 2021-இல் ‘நான் ஹன்னா’ என்ற இயக்கமாகத் திரண்டு, அடுத்த ஒப்பந்தம் கிடைக்குமா என்ற கவலையில் குழந்தை பெறுவதைக்கூடத் தள்ளிப்போட நேர்வதை வெளிப்படையாக எழுதினார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறைப்படி, உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு ஆள் தெரிவு செய்யும் மதிப்பெண் அட்டவணையில் போஸ்ட்டாக் ஓராண்டுக்கு 2 மதிப்பெண். கற்பித்தல் ஓராண்டுக்கும் அதே 2 மதிப்பெண்தான். மகள் மூன்றிலிருந்து ஐந்து வயதாகும் காலத்தை விட்டுக்கொடுத்து நீங்கள் பெறப்போவது அந்த நான்கு மதிப்பெண்ணா?

மாறன்
பொன்னி சொல்லும் அட்டவணை பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் உரியது. கயல் விரும்புவது ஐஐடி. அங்கே முதல்நிலை உதவிப் பேராசிரியர் பணிக்கு, பட்டத்துக்குப் பின் மூன்றாண்டு அனுபவம் கேட்கிறார்கள். அதற்குக் குறைவானவர்களை இரண்டாம் நிலையில் ஒப்பந்த அடிப்படையில் எடுக்கிறார்கள். உதவிப் பேராசிரியருக்கு யுஜிசி வகுத்திருப்பதே வாரம் 16 மணி நேர வகுப்பு. சுயநிதிக் கல்லூரியில் அதோடு சேர்க்கைப் பணியும் தேர்வுப் பணியும் தலையில் விழும்போது, காற்றும் ஈரமும் படாமல் வேலை செய்ய உதவும், ஆர்கான் வாயு நிரப்பிய கிளவ் பாக்ஸ்கூட இல்லாத ஆய்வகத்தில் லித்தியம் பேட்டரி ஆய்வை எப்படித் தொடர்வது?

குடும்பத்தை விட்டுத்தான் போக வேண்டும் என்ற எண்ணமே தேவையில்லை என்பேன். ஆய்வாளர் விசாவில் செல்பவரின் துணைவருக்குக் குடும்ப இணைப்பு விசா உண்டு. அவர் முன்கூட்டியே ஜெர்மன் மொழித் தேர்வு எழுத வேண்டியதில்லை, அங்கே வேலை பார்க்கவும் தடையில்லை. ஒரு வயது நிறைந்த எந்தக் குழந்தைக்கும் காப்பகத்தில் இடம் கேட்கும் சட்ட உரிமை 2013 ஆகஸ்டிலிருந்து நடைமுறையில் உள்ளது. ஜெர்மன் மாநிலப் பல்கலைக்கழக ஊதிய ஒப்பந்தத்தின்கீழ் ஆண்டுக்கு 30 வேலைநாள் விடுப்பும் கிடைக்கும்.

பொன்னி
சட்டத்தில் உரிமை இருக்கிறது; ஊரில் இடம் இருக்கிறதா? காப்பக இடத்துக்குக் காத்திருக்கும் பெற்றோர் ஜெர்மனி முழுவதும் இருக்கிறார்கள். மூன்றாண்டு தேவை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் இரண்டாண்டு ஒப்பந்தம் முடிந்தபின் அந்த மூன்றாம் ஆண்டு எங்கே? துணைவர் வேலை பார்க்கலாம் என்பது சரிதான். ஆனால் திருச்சியில் வங்கி அதிகாரியாக இருக்கும் ஒருவர், ஜெர்மன் மொழி தெரியாமல் ஒரு சிறு நகரத்தில் என்ன வேலை பார்ப்பார்?

முல்லைநிலம்
கணவருக்கு இந்தப் பணி கிடைத்திருந்தால் இவ்வளவு கேள்விகள் எழுந்திருக்காது என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

பொன்னி
மூன்று வயதுக் குழந்தையின் தந்தை கேட்டிருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

தேரிக்காடு
நான் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு ஜப்பானில் தனியே போஸ்ட்டாக் செய்தவன். ஆய்வு நன்றாக நடந்தது. இன்று எனக்கு நிலையான பணி இருக்கிறதென்றால் அந்தக் காலத்தில் வெளிவந்த கட்டுரைகளே காரணம். ஆனாலும் தனியே போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஊரில் குழந்தை தூங்கப் போகும் வேளையில் எனக்கு அங்கே நள்ளிரவாகியிருக்கும். காய்ச்சல், பள்ளிச் சேர்க்கை, வீட்டுக்காரருடன் தகராறு என எல்லாவற்றையும் மனைவி தனியே முடிவு செய்து பழகிவிட்டார். நான் திரும்பியபின் அந்த வீட்டில் எனக்கென்று ஓர் இடத்தை மீண்டும் உண்டாக்கிக்கொள்ள நீண்ட காலம் பிடித்தது.

மூன்றாம் ஆண்டைப் பற்றி ஒரு சொல். மின்வேதியியலுக்கென்றே அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் உருவான மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது. திருச்சியிலிருந்து பேருந்தில் போய்விடலாம். தேசிய போஸ்ட்டாக் உதவித்தொகையின்கீழ் அங்கே பணியாற்ற விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு 35. பெண்களுக்குத் தளர்வு உண்டு. அங்கேயே தொடங்கினாலும் தவறில்லை.

மாறன்
காரைக்குடியைப் பற்றிச் சொன்னது முக்கியமானது. ஆனால் அதை ஜெர்மனிக்குப் பின் வைத்துக்கொள்வதே நல்லது. அங்கிருந்து கைநிறையக் கட்டுரைகளோடு வருபவருக்கு இந்த வாசல் திறந்திருக்கும். ஜெர்மன் பேராசிரியரோ இந்த இடத்தை இன்னும் இரண்டாண்டு கழித்துத் தருவதாக உறுதி சொல்ல மாட்டார்.

கயல், கிடைத்திருப்பது ஊதிய ஒப்பந்தமா, உதவித்தொகையா என்று முதலில் கேளுங்கள். ஊதிய ஒப்பந்தம் என்றால் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியப் பங்களிப்பும் அதில் அடங்கும். வருமானமில்லாத துணைவரையும் குழந்தையையும் அதே பொதுக் காப்பீட்டில் கூடுதல் கட்டணமின்றிச் சேர்க்கலாம். உதவித்தொகையில் இவற்றை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். மூவர் வாழும் செலவில் அது பெரிய வேறுபாடு.

பொன்னி
இவ்வளவு பேசியும், கயலின் கணவர் என்ன நினைக்கிறார் என்பது இன்னும் தெரியவில்லை.

கயல்
அவர் போகத்தான் சொல்கிறார், அக்கா. குழந்தையை விட்டுப் போவதில் அவருக்கு உடன்பாடில்லை; முதல் ஓராண்டு ஊதியமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு தாமும் உடன் வருவதாகச் சொல்கிறார். வங்கி அனுமதிக்குமா என்பதுதான் தெரியவில்லை. கிடைத்திருப்பது ஊதிய ஒப்பந்தம்தான். அதை இன்று உறுதிப்படுத்திக்கொண்டேன். சேரும் தேதியைச் சில மாதங்கள் தள்ளிவைக்க முடியுமா என்று பேராசிரியருக்கு எழுதியிருக்கிறேன்.

பொன்னி
அப்படியானால் வங்கியின் ஒப்புதல் எழுத்தில் வரும்வரை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். வாய்மொழியாகச் சரி என்றுவிட்டுப் பிறகு விடுப்பை மறுத்த மேலதிகாரிகளை நான் அறிவேன். போகவே வேண்டாம் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. போவதென்றால் மூவருமாகப் போங்கள்.