'டேபிள்' என்றால் எடுப்பதா, கிடப்பில் போடுவதா?

அமெரிக்கர்களோடு வேலை பார்ப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள். ஷிஃப்ட் நேரத்தை மாற்ற நான் அனுப்பிய யோசனைக்கு மேலாளர், 'லெட்ஸ் டேபிள் திஸ்' என்று ஒற்றை வரியில் பதில் போட்டிருக்கிறார். பிரிட்டிஷ் வழக்கில் இது விவாதத்துக்கு எடுப்பது. நம் நாடாளுமன்றத்திலும் அறிக்கையை 'டேபிள்' செய்தார்கள் என்றால் அவையில் வைத்தார்கள் என்றுதான் பொருள். அமெரிக்காவிலோ நேர் எதிர், ஒத்திப்போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு அதிகாரிகளும் இந்தச் சொல்லை வைத்து நெடுநேரம் மல்லுக்கட்டியதாகச் சர்ச்சிலே எழுதியிருக்கிறார்!

சரி, என் மேலாளர் பிறந்தது டெக்சாஸ், படித்தது லண்டன். வியாழக்கிழமை கூட்டத்துக்கு ஸ்லைடு தயாரிக்கவா, வேண்டாமா? அவரிடமே கேட்கலாம்தான். உறுத்தாமல் கேட்க ஒரு வரி எழுதித் தந்தாலும் போதும்.